இருந்த ஊரில் இருந்தே வணிக நெறி படிப்போம்

இளைஞர் படிப்பு வட்டப் பாடம்



படிப்பு வட்டத்தில் இதுவரை பெரும்பாலும் திருமுறை, பண்டிகை, கோயில் வழிபாடு என்றே பேசி வந்திருக்கிறோம். இந்தப் பாடம் கொஞ்சம் வேறு மாதிரி. வணிக நெறி பற்றியது. "நான் என்ன டவுக்கேயா, எனக்கு எதுக்கு இது?" என்று ஒரு தம்பி கேட்கலாம். கடை வைத்திருப்பவருக்கு மட்டும் இல்லை தம்பி. சம்பளம் வாங்குகிறவர், சம்பளம் போடுகிறவர், எடை பிடிக்கிறவர், ரசீது எழுதுகிறவர், கைப்பேசியில் பலகாரம் விற்கிற தங்கச்சி, கோயில் திருவிழாவுக்கு வசூல் புத்தகம் தூக்குகிறவர் எல்லாருக்கும் இது வேண்டியது.

இந்தப் பாடத்தைப் பெக்கோக்கை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ஜொகூர் மாநிலம், சிகாமட் மாவட்டம். லாபிசுக்கும் பாலோவுக்கும் நடுவில் ரயில் நிற்கிற சின்ன டவுன். வெளியூர்க்காரர்களுக்கு சுங்கை பந்தாங் அருவியும் எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் போகிற செலாய் வழியும்தான் தெரியும். நமக்குத் தெரிந்தது செம்பனையும் ரப்பரும். ஐந்தாம் படிவம் முடித்ததும் பிள்ளைகள் பலர் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுகிறார்கள். போக முடியாதவர்களும் உண்டு: அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, தோட்டத்தை யாராவது பார்க்க வேண்டும், தம்பி இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். அப்படி ஊரில் தங்கிவிட்டவர்களுக்குப் படிப்பு முடிந்துபோன கதை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதனால் இந்தப் பாடத்தில் இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, வணிக நெறி என்றால் என்ன. இன்னொன்று, அதை இருந்த இடத்தில் இருந்தே எப்படிப் படிப்பது.

1. சட்டமும் நெறியும்

சட்டம் சொல்வதைச் செய்தால் போதாதா? இந்தப் பாடத்தின் முதல் கேள்வி இதுதான்.

சட்டம் வேண்டும். நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் 17ஏ என்ற பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் ஆள் அந்த நிறுவனத்தின் நன்மைக்காக லஞ்சம் கொடுத்தால், நிறுவனமே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும் என்கிறது அது. தடுப்பதற்குப் போதுமான ஏற்பாடு செய்திருந்தோம் என்று நிரூபித்தால்தான் தப்பலாம்.

ஆனால் சட்டம் எல்லா இடத்திலும் நம்மோடு நடந்து வராது. வேலை கேட்டு வந்த பெண்ணிடம் எப்படிப் பேசுவது, மூன்று மாதமாகக் கடன் கட்டாத கிழவியை எப்படிக் கேட்பது, பக்கத்துக் கடைக்காரனைப் பற்றி வாட்ஸ்அப்பில் என்ன எழுதுவது என்பதற்கெல்லாம் சட்டப் புத்தகத்தில் பக்க எண் கிடையாது. சட்டம் நிற்கிற இடத்தில் இருந்து நெறி தொடங்குகிறது. சில சமயம் சட்டம் வருவதற்கு முன்பே நெறி வந்துவிடுகிறது.

2. நம் நூல்களில் இருப்பது என்ன

"வணிக நெறி மேல்நாட்டுப் படிப்பு" என்று நினைப்பவர்கள் உண்டு. நம் வீட்டில் இருப்பதை முதலில் பார்ப்போம்.

திருக்குறளின் 12ஆம் அதிகாரம் நடுவு நிலைமை. அதில் வள்ளுவர் தராசு முள்ளை உவமையாகக் காட்டுகிறார். அதிகாரத்தின் கடைசிக் குறளில் வணிகரைப் பற்றியே நேராகச் சொல்கிறார். அடுத்தவர் பொருள் நம் கைக்கு வரும்போது, அது நம்முடையதாக இருந்தால் எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்க்க வேண்டும், வணிகத்துக்கு அதுதான் அழகு என்பது அதன் கருத்து. வாங்குகிற பக்கம் நின்று ஒரு முறை, விற்கிற பக்கம் நின்று ஒரு முறை யோசி என்கிறார்.

பத்துப்பாட்டில் ஒன்றான பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றிப் பேசுகிறது. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். வாங்கும்போது கூடுதலாக வாங்க மாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்க மாட்டார்கள், விலையை மறைக்காமல் சொல்வார்கள் என்று அவர்களைப் புகழ்கிறார். விலைப்பட்டியலை எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்ட வேண்டும் என்று இன்றைக்கு அதிகாரிகள் சொல்வதும் இதே பேச்சுத்தான்.

மகாபாரதத்தில் சாந்தி பருவத்தில் ஒரு கதை வருகிறது. ஜாஜலி என்று ஒரு முனிவர். அசையாமல் நின்று தவம் செய்கிறார். அவர் சடையில் குருவி கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்துப் பறந்தும் போய்விடுகிறது. அவ்வளவு பொறுமை. "நான் தருமத்தை அடைந்துவிட்டேன்" என்று அவருக்குப் பெருமை வந்துவிடுகிறது. அப்போது வானத்தில் இருந்து ஒரு குரல்: நீ காசியில் இருக்கிற துலாதாரனுக்கு ஈடாக மாட்டாய். போய்ப் பார்த்தால், துலாதாரன் கடையில் உட்கார்ந்து சரக்கு விற்றுக்கொண்டிருக்கிறான். அந்தப் பெயருக்கே தராசு பிடிப்பவன் என்றுதான் பொருள். தவம் செய்தவருக்கு வியாபாரி பாடம் சொல்கிறான். என் தராசு எல்லாருக்கும் ஒன்றுதான், ஏமாற்றாமல் வாங்கி ஏமாற்றாமல் விற்கிறேன், மது மட்டும் விற்பதில்லை என்கிறான். அதோடு நிற்கவில்லை. மாட்டின் மூக்கைக் குத்திக் கயிறு போட்டுப் பாரம் ஏற்றுகிறோமே, அந்த வலியை யார் கணக்கில் எழுதுவது என்றும் கேட்கிறான். சரக்கு என் கடைக்கு வருவதற்கு முன்னால் யார் யார் துன்பப்பட்டார்கள் என்ற கேள்வி அது. இன்றைய பாடநூல்களில் "வழங்கல் சங்கிலி" என்று ஒரு முழுப் பாடமே இதற்கு இருக்கிறது.

இன்னும் ஒன்று, பெரியபுராணத்தில். பழையாறையில் பொன்னும் மணியும் பட்டும் விற்ற பெரிய வணிகர் அமர்நீதி நாயனார். அடியார் வேடத்தில் வந்த இறைவன் ஒரு கோவணத்தைக் கொடுத்து, பத்திரமாக வைத்திரு என்று சொல்லிவிட்டுப் போகிறார். திரும்பி வந்து கேட்டால் காணோம். அதற்கு எடைக்கு எடை வேறு கொடு என்கிறார். தராசின் ஒரு தட்டில் அடியாரின் இன்னொரு கோவணம். மறு தட்டில் அமர்நீதியார் துணியை வைக்கிறார், பொன்னை வைக்கிறார், இருப்பதையெல்லாம் வைக்கிறார். தட்டு சமமாகவில்லை. கடைசியில் மனைவியோடும் மகனோடும் தாமே தட்டில் ஏறுகிறார். அப்போதுதான் சமமாகிறது.

பக்திக் கதையாகவே இதைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். வணிக நெறிப் பாடமாகவும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். நம்பிக் கொடுத்த பொருள் சின்னதாக இருக்கலாம். அந்த நம்பிக்கையின் எடை சின்னது இல்லை.

3. மேல்நாட்டுப் பாடநூல்கள் எப்படிப் பார்க்கின்றன

வணிக நெறிப் பாடத்தில் சேர்ந்தால் தொடக்கத்திலேயே மூன்று பெயர் வரும். பயப்பட வேண்டாம், மூன்றும் எளிமையான கேள்விகள்தான்.

முதலாவது, பெந்தமும் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் சொன்ன பயன் நோக்கு: இதைச் செய்தால் மொத்தத்தில் எத்தனை பேருக்கு நன்மை, எத்தனை பேருக்குத் தீமை? இரண்டாவது, காண்ட் சொன்ன கடமை நோக்கு: நான் செய்வதை எல்லாரும் செய்தால் உலகம் நடக்குமா? எதிரில் இருப்பவரை மனுஷனாகப் பார்க்கிறேனா, வெறும் கருவியாகப் பார்க்கிறேனா? மூன்றாவது, அரிஸ்டாட்டில் சொன்ன குண நோக்கு: இதைச் செய்து செய்து நான் எப்படிப்பட்ட ஆளாக மாறுகிறேன்?

அடுத்து ஒரு பெரிய வழக்கு வரும். நிறுவனம் யாருக்காக நடக்கிறது? 1970இல் மில்டன் ஃப்ரீட்மன் என்ற பொருளியல் அறிஞர் நியூயார்க் டைம்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சட்டத்துக்கும் ஊர் வழக்கத்துக்கும் உட்பட்டு, ஏமாற்றாமல், முதல் போட்டவருக்கு இலாபம் ஈட்டித் தருவதுதான் நிறுவனத்தின் பொறுப்பு என்பது அவர் வாதம். 1984இல் எட்வர்ட் ஃப்ரீமன் ஒரு நூல் எழுதி வேறு மாதிரி சொன்னார். முதல் போட்டவர் மட்டும் இல்லை, தொழிலாளி, வாடிக்கையாளர், சரக்குக் கொடுப்பவர், சுற்றி இருக்கிற ஊர் எல்லாருமே தொடர்புடையவர்கள், எல்லாரையும் எண்ணித்தான் முடிவு எடுக்க வேண்டும் என்றார். துலாதாரன் யார் பக்கம் நிற்பான் என்று நீங்களே யோசியுங்கள்.

எடுத்துக்காட்டாக அடிக்கடி சொல்லப்படுகிற இரண்டு சம்பவங்கள் உண்டு. 1982இல் அமெரிக்காவின் சிக்காகோ வட்டாரத்தில் டைலினால் மாத்திரையில் யாரோ விஷம் கலந்து 7 பேர் இறந்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் ஏறக்குறைய 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பெரிய நட்டம். ஆனால் மக்கள் அந்தப் பெயரை மறுபடி நம்பினார்கள். மற்றது 2009 ஜனவரியில் ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனம். கணக்கில் காட்டிய பணம் பல ஆயிரம் கோடி ரூபாய் அளவுக்குப் பொய் என்று அதன் தலைவரே கடிதம் எழுதி ஒத்துக்கொண்டார். பேரிலேயே சத்தியம் இருந்தது, கணக்கில் இல்லை.

4. நம் ஊருக்கு வருவோம்

பெரிய நிறுவனம், பெரிய ஊழல் என்றால் நமக்குச் சம்பந்தம் இல்லாதது போலத் தோன்றும். பெக்கோக் மாதிரி ஊரில் இது எங்கே வருகிறது? நான்கு இடம் சொல்கிறேன். எல்லாம் பாடத்துக்காகச் சொல்கிற எடுத்துக்காட்டுகள், குறிப்பிட்ட யாரையும் பற்றியவை அல்ல.

அ. செம்பனைக் குலை எடை

ஒரு சிறுதோட்டக்காரர் மாதம் இரண்டு தடவை குலை வெட்டுகிறார். ஒவ்வொரு தடவையும் 3 டன். விலை டன்னுக்கு 800 ரிங்கிட் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். வாங்குகிற இடத்தில் எடை 2 விழுக்காடு குறைத்துக் காட்டப்படுகிறது. 60 கிலோ. காசாகப் பார்த்தால் 48 ரிங்கிட். ஒரு தடவைக்குப் பார்த்தால் "சரி விடு" என்று தோன்றும். வருஷத்துக்கு 24 தடவை. 1,152 ரிங்கிட். அந்தக் குடும்பத்தின் பிள்ளைக்குத் தொலைக்கல்வியில் பாடக் கட்டணம் கட்ட உதவியிருக்கும் பணம் அது.

இன்னொரு பக்கமும் பேச வேண்டும். லாரி அடியில் பழுக்காத குலையைப் போட்டு மேலே பழுத்ததை அடுக்குவது, உதிரிப் பழத்தோடு மண்ணையும் கல்லையும் அள்ளிப் போடுவது நம் ஆட்களும் செய்வதுதான். "அவன் எடையில அடிக்கிறான், நான் மண்ணுல அடிக்கிறேன், சரியாப் போச்சு" என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். சரியாகப் போகவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பாமல் போனதுதான் மிச்சம். அந்தச் சந்தேகத்தில் முதலில் அடிபடுகிறவர் ஒழுங்காகப் பழம் கொண்டு வருகிற மூன்றாவது ஆள்.

செய்ய வேண்டியது: எடைக் கருவியில் சரிபார்ப்பு முத்திரை நடப்பில் இருக்கிறதா பாருங்கள். ரசீதை வாங்கி வையுங்கள். கழிவு பிடித்தால் ஏன் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

ஆ. இ.பி.எஃப். பணம்

2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். இந்தச் சம்பளத்துக்குத் தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட். முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, 221 ரிங்கிட். சேர்த்தால் மாதம் 408, வருஷத்துக்கு 4,896 ரிங்கிட்.

சம்பளச் சீட்டில் 187 பிடித்திருக்கிறார்கள், ஆனால் இ.பி.எஃப்.பில் கட்டவில்லை என்றால் அது என்ன? "கடைக்கு இப்ப கஷ்டம், அப்புறம் கட்டிடலாம்" என்பார்கள். அந்த 187 கடையின் பணமே இல்லை. தொழிலாளி நம்பிக் கொடுத்து வைத்த பொருள். அமர்நீதியார் கதையை இங்கே நினைத்துப் பாருங்கள். ஒரு கோவணத்துக்கே அவர் குடும்பத்தோடு தட்டில் ஏறினார். அடுத்தவரின் முதுமைக்கால அரிசிப் பணத்தை எடுத்துச் சரக்கு வாங்குவது எந்தத் தட்டில் சமமாகும்? சட்டப்படியும் இது குற்றம். ஒவ்வொரு மாதப் பணத்தையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். வேலை செய்கிற தம்பி தங்கைகள் கைப்பேசியிலேயே தங்கள் கணக்கைப் பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள்.

இ. வாடகைக்கு விடும் வங்கிக் கணக்கு

இது இளைஞர்களை நேராகக் குறிவைக்கிற ஒன்று. "ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் கொடு, மாசம் சில நூறு வெள்ளி வரும், நீ ஒண்ணும் செய்ய வேணாம்" என்று நண்பன் மூலமாகவே வருவார்கள். மலாயில் இதை அக்காவுன் கெல்டாய் என்கிறார்கள், கழுதைக் கணக்கு. அந்தக் கணக்கு வழியாக ஓடுவது யாரோ ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரிடம், தனியாக இருக்கிற அம்மாவிடம் ஏமாற்றிப் பறித்த பணம்.

படிப்பு வட்டத்தில் இப்படி ஒரு பேச்சு வரலாம்:

"அண்ணே, நான் யாரையும் ஏமாத்தலியே. கார்டு மட்டும்தானே குடுத்தேன்?"

"தம்பி, திருடன் ஓடுறதுக்கு உன் வீட்டு வாசலைத் திறந்து விட்டுட்டு, நான் திருடலன்னு சொல்றியா?"

"எனக்குத் தெரியாதுண்ணே, எதுக்குன்னு அவங்க சொல்லல."

"சும்மா இருக்கிறதுக்கு ஒருத்தன் காசு குடுத்தா, ஏன்னு கேக்கணும். கேக்காம இருந்தது காசுக்காகத்தான். அதான் இங்க தப்பு."

இப்படி மாட்டிக்கொண்டால் வங்கிக் கணக்கு முடங்கும், போலீஸ் வழக்கு வரும், பிறகு வேலை தேடுவதும் கஷ்டம். யாராவது ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். நேரம் போகப் போகப் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கடினமாகும்.

ஈ. வெளிநாட்டுத் தொழிலாளர்

இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும். நம் முன்னோர் இந்த மண்ணுக்குச் சஞ்சிக் கூலிகளாக வந்தார்கள். அந்த ஆள்பிடிப்பு 1910இல் நிறுத்தப்பட்டது. பிறகு கங்காணி முறை 1938 வரை நடந்தது. கப்பல் செலவு, முன்பணம் என்று கடன் தலையில் ஏறி, அதைக் கழிக்க வருஷக்கணக்கில் உழைத்த கதையைப் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இன்றைக்கு அதே தோட்டங்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேபாளியும் வேலை செய்கிறார்கள். பலர் ஊரில் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். 2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி எப்ஜிவி, சைம் டார்பி பிளாண்டேஷன் என்ற இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயைத் தடுத்தது. சைம் டார்பி பல சீர்திருத்தங்கள் செய்த பிறகு, 2023இல் அதன் மீதிருந்த தடை நீங்கியது. நெறி தவறினால் ஏற்றுமதியே நின்றுபோகும் என்பதற்கு இது நம் வாசலிலேயே நடந்த சாட்சி.

இப்போது மண்டோராக, கிராணியாக, லாரிக்காரராக நம் பிள்ளைகள் சிலர் அவர்களுக்கு மேலே இருக்கிறார்கள். "டேய் பங்களா" என்று கூப்பிடுகிற நாக்கு, ஒரு காலத்தில் நம் தாத்தாவை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதை மறந்துவிட்ட நாக்கு. கடவுச்சீட்டைப் பிடுங்கி வைப்பது, கூடுதல் நேரச் சம்பளத்தைக் குறைத்து எழுதுவது போன்றவற்றில் கையெழுத்துப் போடச் சொன்னால் நாம் என்ன செய்வோம்? துலாதாரன் மாட்டுக்காகக் கேட்டான். மனுஷனுக்காகக் கேட்க நமக்கு வாய் வேண்டும்.

5. தொலைக்கல்வி எப்படி நடக்கிறது

சரி, இதை முறையாகப் படிக்க வேண்டும், பட்டமாகவும் வேண்டும் என்றால் பெக்கோக்கில் இருந்து என்ன வழி?

இது புதுசு இல்லை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971லேயே பினாங்கில் இருந்து வெளிவளாகப் படிப்பைத் தொடங்கியது. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. வணிகக் குடும்பத்தில் பிறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொலைக்கல்வி 1979இல் வந்தது. அஞ்சலில் பாடம் வந்த காலம் போய், இப்போது கைப்பேசியில் வருகிறது.

நம் நாட்டில் தொலைக்கல்விக்கென்றே இருப்பவற்றில் இரண்டைச் சொல்கிறேன். மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000இல் அமைக்கப்பட்டது. நாட்டின் 11 பொதுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கியது. வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்டு 2007இல் வகுப்புகளைத் தொடங்கியது. இலாப நோக்கம் இல்லாதது. வணிக நிர்வாகப் பட்டம் எடுத்தால் வணிக நெறி அதில் ஒரு பாடமாக வரும்.

எஸ்.டி.பி.எம். இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஏபெல் என்று ஒரு முறை இருக்கிறது. 21 வயதைத் தாண்டி, சம்பந்தப்பட்ட வேலை அனுபவம் இருந்தால், அந்த அனுபவத்தைத் தொகுத்துக் காட்டி, தேர்வும் எழுதி இளங்கலைப் பட்டப்படிப்பில் சேரலாம். கடையிலோ ஆபீசிலோ சில வருஷம் கணக்குப் பார்த்த அனுபவம் வீணாகாது.

பணம் கட்டுவதற்கு முன் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று: அந்தப் படிப்பு மலேசியத் தகுதி ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்திலேயே தேடலாம். "ஆறே மாசத்துல டிகிரி, பரீட்சை கிடையாது" என்று விளம்பரம் வந்தால் தள்ளிப் போங்கள். போலிப் பட்டத்தை வாங்கிக்கொண்டு நெறியைப் பற்றிப் பேச முடியாது. கட்டணத்துக்கு பி.டி.பி.டி.என். கடன் கிடைக்குமா, இ.பி.எஃப். சேமிப்பில் இருந்து எடுக்க முடியுமா என்பதையும் அந்தந்த அலுவலகத்திலேயே கேளுங்கள். கடன் வாங்கினால் அதைத் திருப்பிக் கட்டுவதும் வணிக நெறிதான். அடுத்து வருகிற தம்பிக்கு அந்தப் பணம் போய்ச் சேர வேண்டும்.

நேரக் கணக்கு. நம் நாட்டு முறையில் ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரப் படிப்பு. 3 கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம். ஒரு பருவம் 15 வாரம் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 8 மணி நேரம். திங்கள் முதல் வியாழன் வரை இரவு ஒரு மணி நேரம், ஞாயிறு நான்கு மணி நேரம். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு, சனிக்கிழமை வீட்டுக்கு. ஒரே பருவத்தில் நான்கு பாடம் எடுத்துத் திணறுவதைவிட இரண்டு எடுத்து முடிப்பது நல்லது.

இடுபணி பற்றி ஒரு வார்த்தை. தொலைக்கல்வியில் ஆசிரியர் நம் முகத்தைப் பார்ப்பது குறைவு. அதனால் காசு கொடுத்து எழுதி வாங்குவது, நண்பனுடையதைப் பெயர் மாற்றி அனுப்புவது, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு அப்படியே ஒட்டுவது எல்லாம் சுலபம். வணிக நெறிப் பாடத்துக்கே இப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்! யாரும் பார்க்காத இடத்தில் நான் எப்படி இருக்கிறேன் என்பதுதான் அந்தப் பாடத்தின் உண்மையான பரீட்சை. தமிழ்ப்பள்ளி முடித்தவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுவது சிரமம் என்பது தெரியும். முதலில் தமிழில் யோசித்து எழுதுங்கள், பிறகு மாற்றுங்கள். நடை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கருத்து உங்களுடையதாக இருக்கும். நம் ஊர்ச் செம்பனை எடையைப் பற்றி நீங்கள் எழுதுகிற ஒரு பக்கம், எங்கிருந்தோ எடுத்த பத்துப் பக்கத்தைவிட மதிப்பானது.

பட்டம் வேண்டாம், முதலில் ருசி பார்க்க வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் சாண்டல் நடத்திய நீதி பற்றிய பாடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மில், காண்ட், அரிஸ்டாட்டில் மூவரும் அதில் வருகிறார்கள்.

6. நம் இயக்கத்தில் இருந்து தொடங்குவோம்

முதல் பயிற்சிக்கூடம் நம் இயக்கமும் கோயிலும்தான். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் கணக்கோடு அறிக்கையைச் சங்கப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். அதிகாரி கேட்பார் என்பதற்காக மட்டும் கணக்கு எழுதக் கூடாது. ஐந்து வெள்ளி போட்ட தோட்டத்துப் பாட்டிக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். வசூல் புத்தகத்தின் ஒவ்வொரு எண்ணும் திரும்பி வர வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும், வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். "நம்ம பையன்தானே, கேக்கவா முடியும்" என்று விடுவதால் நல்ல பையனும் சில சமயம் கெட்டுப்போகிறான். கேள்வி கேட்பது அவனைச் சந்தேகப்படுவது ஆகாது, அவனுக்குப் பாதுகாப்பு.

நான்கு வாரத் திட்டம்

முதல் வாரம்: நடுவு நிலைமை அதிகாரத்தின் 10 குறளையும் பொருளோடு படியுங்கள். துலாதாரன் கதையை ஒருவர் சொல்லட்டும்.

இரண்டாம் வாரம்: மூன்று நோக்குகள். ஒரே பிரச்சினையை மூன்று குழுவாகப் பிரிந்து மூன்று கோணத்தில் பேசுங்கள்.

மூன்றாம் வாரம்: எடை, இ.பி.எஃப்., வங்கிக் கணக்கு, வெளிநாட்டுத் தொழிலாளர் ஆகிய நான்கில் ஒன்றை எடுத்து, ஊரில் அனுபவம் உள்ள ஒரு பெரியவரை அழைத்துக் கேளுங்கள்.

நான்காம் வாரம்: நம் கிளையின் சென்ற ஆண்டுக் கணக்கை எல்லாரும் சேர்ந்து படியுங்கள். தொலைக்கல்வியில் சேர விரும்புகிறவர்கள் பெயர் கொடுங்கள். இரண்டு பேராகச் சேர்ந்தால் ஒருவரை ஒருவர் தூக்கிவிடலாம்.

சிந்திக்கவும் பேசவும்

1. கடையில் மலிவுச் சாராயம் விற்க உரிமம் இருக்கிறது. சம்பள நாளில் நல்ல வியாபாரம். விற்கலாமா? துலாதாரன், மில், ஃப்ரீட்மன் மூவரும் என்ன சொல்வார்கள்?

2. உங்கள் முதலாளி நல்லவர், உங்கள் குடும்பத்துக்கு உதவியவர். அவர் எடையைக் குறைத்து எழுதச் சொல்கிறார். நன்றி பெரியதா, நடுவு நிலை பெரியதா? இரண்டையும் காப்பாற்ற வழி இருக்கிறதா?

3. ஊர்ப் பெண்கள் சேர்ந்து மாதாமாதம் கூட்டுப் பணம் போடுகிறார்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிப்பட்ட கூட்டு நடத்துவதைத் தடை செய்கிறது. நம்பிக்கையில் நடப்பதுதானே, இதில் தப்பு என்ன? பணத்தோடு ஒருவர் ஓடிவிட்டால் யாரிடம் போவது?

4. "எல்லாரும்தான் செய்றாங்க" என்று சொல்கிற நண்பனுக்கு, அவன் மனம் நோகாமல் என்ன பதில் சொல்வீர்கள்?

ஜாஜலி முனிவர் தருமத்தைத் தேடிக் காசி வரை நடந்தார், கடைசியில் ஒரு கடை வாசலில்தான் அது கிடைத்தது. பெக்கோக்கில் கடைகள் இருக்கின்றன, எடைத் தட்டுகள் இருக்கின்றன, வேலை தேடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். படிக்கக் கைப்பேசியும் இருக்கிறது. முதல் வாரப் பாடத்தை வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.